ஆர்மீனியன் ஸ்ட்ரீட் 45

1998இல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நாற்பது நிமிடத் தமிழ் நாடகம் ஒன்று போட ஆசைப்பட்டோம். பகலில் எல்லாருக்கும் வேலை. ஒருவர் துறைமுகத்தில், இருவர் பள்ளியில், நானும் இன்னொரு தோழியும் அலுவலகத்தில். பிரதி எழுதி முடித்துவிட்டோம், வசனமும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. இடம்தான் கிடைக்கவில்லை. போன இடங்களில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள்? ஒன்றும் செய்ததில்லை என்று சொன்னதும் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஓரிடத்தில் முன்பணம் கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் வைத்தாலும் அதற்குக் காணாது.

கடைசியில் சிங்கப்பூர் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் இருந்த சப்ஸ்டேஷன் என்ற கலை மையத்துக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்த இளைஞர் நாங்கள் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தார். "என்ன மொழி?" என்று கேட்டார். தமிழ் என்றோம். "எத்தனை நாள் வேண்டும்?" இது இரண்டாவது கேள்வி. மூன்றாவது, எங்களில் யாருக்காவது ஏணியில் ஏறி விளக்கு மாட்டத் தெரியுமா என்பது. தெரியாது என்றோம். பரவாயில்லை, சொல்லித்தருகிறோம் என்றார்.

அந்த அரங்கை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. எத்தனை முறை பூசினார்களோ, சுவரில் கை வைத்தால் பெயிண்ட் தடித்துத் தோல் மாதிரி இருக்கும். தரையில் ஆங்காங்கே ஒட்டியிருந்த டேப் துண்டுகள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை. மேடையில் நாற்காலி எங்கே வர வேண்டும், நடிகர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்காக ஒட்டும் அடையாளங்கள் அவை. மஞ்சள், வெள்ளை, பச்சை என்று ஒவ்வொரு குழுவும் ஒரு நிறம். நாடகம் முடிந்து போகிறவர்கள் பிய்த்துவிட்டுத்தான் போவார்கள், ஆனாலும் மூலைக்கு ஒன்றாவது மிச்சம் இருக்கும். எங்களுடைய அப்பா பாத்திரத்தின் நாற்காலிக்கு நாங்கள் டேப் ஒட்டப் போனபோது, சரியாக அதே இடத்தில் யாரோ ஒட்டிய மஞ்சள் துண்டு ஏற்கெனவே இருந்தது. அதன்மேலேயே நாற்காலியைப் போட்டோம்.

எங்கள் கதையில் அந்த அப்பா இறந்துபோவார். அதற்குப்பின் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒத்திகையில் அந்த ஒரு நிமிடம் வரும்போதெல்லாம் வெளியே தோட்டத்தில் மெட்டல் இசைக்குழு ஒன்று டிரம்ஸ் அடித்துச் சரிபார்க்கும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாடகத்தன்று அந்தப் பையன்கள் நான்கு பேர், கறுப்புச் சட்டையும் நீள முடியுமாக, டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நால்வருக்கும் தமிழ் தெரியாது. அந்த ஒரு நிமிட மௌனத்தில் அவர்கள் அசையவே இல்லை. அதை நான் மறக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது கைமாறிய விதத்தை இங்கே பலர் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

பெயருக்கேற்றபடி அது உண்மையிலேயே துணைமின் நிலையம்தான். 1926இல் கட்டியது. மின்சாரத்துக்குத் தேவையில்லாமல் போனபின் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்தது. பக்கத்தில் பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடம், கொஞ்சம் தள்ளி ஹில் ஸ்ட்ரீட்டில் ஆர்மீனிய தேவாலயம், பின்னால் ஃபோர்ட் கேனிங் குன்று, இந்தப் பக்கம் சிவப்புச் செங்கல் தேசிய நூலகம். நகரத்தின் நடுவே இப்படி ஒரு வெற்றுக் கட்டடம் கிடப்பதைப் பார்த்து, இதைக் கலைஞர்களுக்குக் கொடுங்கள் என்று 1980களின் நடுவில் அரசாங்கத்திடம் கேட்டவர் நாடகாசிரியர் குவோ பாவ் குன்.

யார் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். குவோ சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். மனைவி கோ லே குவானோடு சேர்ந்து 1965இல் நாடக, நடனப் பள்ளி தொடங்கியவர். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி, நான்கரை ஆண்டுக்கு மேல் விசாரணையில்லாமல் காவலில் இருந்தார். அதற்கிடையில் அவருடைய குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அது திரும்பக் கிடைத்தது 1992இல். அதாவது 1990 செப்டம்பரில் சப்ஸ்டேஷன் திறக்கப்பட்டபோது, அதை நடத்தப்போகிறவர் இந்த நாட்டின் குடிமகன்கூட இல்லை. அவரை அடைத்துவைத்த அரசாங்கம் அவரிடமே ஒரு கட்டடத்தின் சாவியைக் கொடுத்தது. கொடுத்தவர்களையும் பாராட்ட வேண்டும், மனத்தில் கசப்பை வைத்துக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டவரையும் பாராட்ட வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு குவோ இன்னொரு விதத்திலும் நெருக்கம். 1988இல் அவர் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தில் வரும் தாய்க்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லாமல், காணாமல்போன பூனையைத் தேடித் தெருவில் அலைகிறாள். அங்கே அவளைப் போலவே பூனையைத் தேடிக்கொண்டு ஒரு முதியவர் வருகிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவள் ஹொக்கியனில் பேசுகிறாள், அவர் தமிழில் பேசுகிறார். கையாலும் முகத்தாலும் தங்கள் பூனை எப்படி இருக்கும் என்று காட்டிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாத அம்மா அந்தத் தமிழ்த் தாத்தாவுக்குப் புரிந்துவிடுகிறாள். நாடகத்தில் தமிழர் என்றால் ஓரமாக வந்துபோகும் ஆள் என்றிருந்த காலத்தில், நடு மேடையில் ஒரு தமிழ்க் கிழவரை நிறுத்தி, அவர் மொழியை மொழிபெயர்க்காமலேயே விட்டார் குவோ. என் அப்பா நாடகம் பார்க்கிறவர் இல்லை. ஆனால் இந்தக் காட்சியை நான் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க புளோக்குல அப்படித்தான் இருந்தோம்" என்றார்.

அந்தக் காட்சியைத்தான் குவோ ஒரு கட்டடமாகக் கட்டிப்பார்த்தார் என்பது என் எண்ணம். சீனக் கல்வி பெற்றவர்கள், ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள், மலாய்க் குழுக்கள், தமிழ்க் குழுக்கள், ஓவியர்கள், கவிஞர்கள், கிதார் வாசிக்கும் பையன்கள் என்று எல்லாரும் ஒரே வாசல் வழியாக வர வேண்டும், ஒருவர் சத்தம் இன்னொருவர் காதில் விழ வேண்டும். கலைகளுக்கு ஒரு வீடு என்றுதான் அவர் அதற்கு அடைமொழி வைத்தார். தகுதியான தோல்வி, அரைகுறை வெற்றியைவிட மேலானது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அந்த வீட்டில் தோற்கவும் இடம் இருந்தது.

1995இல் குவோ பொறுப்பைக் கைமாற்றினார். அடுத்து வந்தவர் தி. சசிதரன், நம்மவர். தத்துவம் படித்தவர், நடிகர், பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதியவர். நாங்கள் நாடகம் போட்ட 1998இல் அவர்தான் கலை இயக்குநர். அந்தக் காலத்தை நினைத்துப்பார்த்தால் அவர் வேலை எவ்வளவு சிக்கலானது என்று தெரியும். 1994இல், கலைஞர் தம் உடலையே ஊடகமாக்கும் நிகழ்த்துகலை நிகழ்ச்சி ஒன்று பெரிய சர்ச்சையாகி, நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர்களும் மேடையேறிக் கதையை மாற்றும் மன்ற நாடகத்துக்கும் அரசு நிதியுதவி நின்றுபோயிருந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டு அப்படியே. அந்த நேரத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவைப்பது என்றால் ஒவ்வொரு முறையும் தன் பெயரை ஈடு வைப்பது மாதிரி. பிறகு 2000இல் அவரும் குவோவும் சேர்ந்து நடிகர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். குவோ 2002இல் காலமானார். சசிதரன் அந்தப் பள்ளியைத் தொடர்ந்து நடத்தி, 2012இல் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

சப்ஸ்டேஷனை அடுத்து ஏற்றவர்கள் ஆட்ரி வோங்கும் லீ வெங் சோயும். பத்தாண்டுக் காலம் இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். ஆட்ரி 2009இல் கலைத்துறையின் குரலாக நியமன நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2010இல் மலாய் நாடக உலகிலிருந்து நூர் எஃபெண்டி இப்ராஹிம். 2015இல் ஓவியரும் கண்காட்சி அமைப்பாளருமான ஆலன் ஓய். 2020இல் ஒடிசி நடனம் பயின்ற ராகா மைத்ராவும், ஊன் தியன் வெய்யும். எண்ணிப்பாருங்கள், முப்பது ஆண்டில் ஐந்து முறை கைமாறியிருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் அதன் குணம் மாறியது. ஒருவர் காலத்தில் குறும்படம், ஒருவர் காலத்தில் கருத்தரங்கு, ஒருவர் காலத்தில் இளங்கலைஞர்களைக் கைதூக்கிவிடுதல்.

எல்லா மாற்றமும் சுமுகமாக நடக்கவில்லை. ஆலன் ஓய் வந்ததும், அரங்கையும் கூடத்தையும் வருவோர் போவோருக்கெல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தால் மையத்துக்கு முகம் இல்லாமல் போய்விடும், இனி நாமே திட்டமிட்டு நிகழ்ச்சி நடத்துவோம் என்றார். கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். கூட்டம் கூட்டிக் காரசாரமாகப் பேசினார்கள். நானும் அப்போது அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். எங்களைப் போன்ற அனுபவமில்லாத ஐந்து பேர் இனி எங்கே போவார்கள் என்று கேட்டேன். பிறகு அவர் ஓரளவு இறங்கிவந்தார். இப்போது யோசித்தால், அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது என்றே படுகிறது. 1990இல் ஊரில் சின்ன அரங்குகள் மிகக் குறைவு. 2015இல் எஸ்பிளனேட் கலையரங்கம் இருந்தது, நூலகக் கட்டடத்தில் அரங்கு இருந்தது, குட்மன் சாலையிலும் அலிவால் ஸ்ட்ரீட்டிலும் கலை நிலையங்கள் வந்துவிட்டன. அவர் சொன்ன மருந்து எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நோய் இருந்தது.

ஆனால் அந்தச் சண்டையை எங்களால் போட முடிந்தது. எதிரே ஓர் ஆள் இருந்தார். பெயர் இருந்தது, முகம் இருந்தது. கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து எங்கள் வசவைக் கேட்டுக்கொண்டார். கடைசிக் கைமாற்றத்தில் அது இல்லாமல் போயிற்று.

கட்டடம் அரசாங்கத்தின் சொத்து. கலைத்துறைக்கான அரசு அமைப்பான தேசிய கலைகள் மன்றம் அதைச் சலுகை வாடகைக்கு சப்ஸ்டேஷனுக்குக் கொடுத்திருந்தது. உள்ளே யாருக்கு விடுவது, எவ்வளவு வாங்குவது, எதை இலவசமாகக் கொடுப்பது என்பதெல்லாம் சப்ஸ்டேஷன் முடிவு. அரங்க வாடகை ஒரு வருமானம். தோட்டத்தை ஓர் இசை உணவகத்துக்கு விட்டதில் பல ஆண்டு வருமானம் வந்தது. தோட்டம் போனதில் எனக்கு வருத்தம்தான், அந்த டிரம்ஸ் பையன்கள் இருந்த இடம் அது. ஆனால் சொந்தக் காலில் நிற்பதற்கு அந்த விலை கொடுத்தார்கள்.

கட்டடம் பழசாகிவிட்டது, மேம்பாட்டுப் பணிக்கு இரண்டு ஆண்டு ஆகும், 2021 ஜூலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மன்றம் சொன்னது. இது வரை யாருக்கும் மறுப்பு இல்லை. 1926ஆம் ஆண்டுக் கட்டடம் அல்லவா. அடுத்த செய்திதான் இடித்தது: பணி முடிந்தபின் அது பல அமைப்புகள் சேர்ந்து இருக்கும் கலை நிலையமாக இருக்கும். சப்ஸ்டேஷன் திரும்பி வரலாம், பல குடித்தனக்காரர்களில் ஒருவராக. கட்டடத்தை நடத்தும் பொறுப்பு இனி அதனிடம் இருக்காது.

2021 மார்ச் 2ஆம் தேதி, நிரந்தரமாக மூடுகிறோம் என்று சப்ஸ்டேஷன் நிர்வாகக் குழு அறிவித்தது. வீட்டை நடத்தும் உரிமை இல்லையென்றால் இந்த அமைப்பு தன் அடையாளத்தையும் சுதந்திரத்தையும் இழந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஊர் அதிர்ந்தது. மூடாதீர்கள், வீடில்லாவிட்டாலும் தொடருங்கள் என்று கலைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, கட்டடம் இல்லாத கலை அமைப்பாக சப்ஸ்டேஷன் தொடரும் என்ற முடிவு வந்தது. உயிர் பிழைத்தது. வீடு போயிற்று.

மன்றத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நகரத்தின் நடுவில் உள்ள பொதுச் சொத்தை ஒரே அமைப்பு முப்பது ஆண்டு வைத்திருந்துவிட்டது, இடமில்லாமல் தவிக்கும் மற்றக் குழுக்களுக்கும் பங்கு கொடுப்போம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நான் மாறுபடுவது ஒரே இடத்தில். அறைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது வேறு, வீட்டை நடத்துவது வேறு. பத்து அறையைப் பத்துக் குழுவுக்குப் பிரித்துக் கொடுத்தால், அந்தப் பத்துக் குழுவுக்கும் இடம் கிடைக்கும். பதினோராவதாக, பெயரில்லாமல், பதிவில்லாமல், அனுபவமில்லாமல் ஒரு குழு வந்து வாசலில் நின்றால்? அறைக்காரர் யாரும் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் விண்ணப்பப் படிவம் இருக்கும். 1998இல் "எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்ட இளைஞரால் அப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர் மேசைவரைக்கும் வந்திருந்தது. பிறகு நாங்கள் சொதப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயரைச் சுமக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள்.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் சோழமண்டலத்துக்கு ஒருமுறை போய்வருவேன். ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கினார்கள். பணிக்கர் போய், அவருக்குப்பின் வந்தவர்களிலும் பலர் போய்விட்டார்கள், வெளியே மணல் சாலை இருந்த இடத்தில் இப்போது கார்கள் பறக்கின்றன. ஆனாலும் காலி செய்யுங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரர் அவர்களுக்குக் கிடையாது. இங்கே அப்படி நிலம் வாங்குவது கனவிலும் நடக்காது. சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துடையது, மிச்சத்தின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இங்கே கலைஞர்களுக்கு வாடகை வீடுதான் கதி. வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரரின் நம்பிக்கைதான் பட்டா. 1990இல் குவோவுக்குக் கொடுத்தது அந்த நம்பிக்கை.

2021 ஜூலைக் கடைசியில் நானும் அந்தப் பழைய தோழியும் ஒருநாள் மாலை அங்கே போனோம். கொவிட் கட்டுப்பாடு மறுபடி இறுகியிருந்த நேரம். முகக்கவசத்தோடு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தேசிய நூலகம் இருந்த மூலையில் நின்றால் இப்போது சுரங்கப்பாதைக்குள் போகும் வாகனச் சத்தம்தான் கேட்கும். 2004இல் மூடப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள், பேசினார்கள். இடித்தார்கள். தோழி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நம்ம அப்பா நாற்காலிக்குக் கீழே இருந்த மஞ்சள் டேப் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அது யாரோடதுன்னு நாம கேட்கவே இல்லையே" என்றாள். அதன்பிறகு இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து, அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் போய்விட்டோம்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளும் நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு தமிழ் நாடகம் எழுதியிருக்கிறார்கள். தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் ஓர் இரவு. நான் படித்தேன். நடுவில் இழுக்கிறது, முடிவு இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் அந்தப் பெண் நோயாளியிடம் பேசும் இரண்டு பக்கம் அற்புதமாக இருக்கிறது. போன மாதம் ஓர் அரங்கத்தின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் அமைப்பு நடத்திய நிகழ்ச்சிகளைப் பட்டியலிடவும் என்று அதில் ஒரு கட்டம். "அத்தை, இதுல என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

சனிக்கிழமைகளில் இப்போது என் வீட்டு வரவேற்பறையில் ஒத்திகை நடக்கிறது. சோபாவைப் பால்கனிப் பக்கம் தள்ளிவிடுகிறோம். கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் தரை ஓட்டின்மேல் பச்சை டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குமேல் கத்திப் பேசும் காட்சிகளை வைத்துக்கொள்வதில்லை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

செப்டம்பரில் மூன்று இரவு போட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. நாற்பது பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கூடம் இருந்தால் போதும். விளக்குகளை நாங்கள் கொண்டுவருவோம், ஏணியும் இருக்கிறது, ஏறி மாட்டுவதற்கு எனக்குத் தெரியும். அப்படி ஓர் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.